ஸ்விஃப்ட்டுக்குக் கேம்பர் போல்ட்டும் 185 டயரும்: கோத்தகிரி இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தது

குன்னூரில் ஒரு சின்ன அலைன்மெண்ட் கடையில் என் பழைய ஸ்விஃப்ட்டுக்குச் செய்துகொண்ட வேலையைப் பற்றி எழுதுகிறேன். முதலில் முன்சக்கரங்களுக்குக் கேம்பர் போல்ட் (சக்கரத்தின் சாய்வை, அதாவது கேம்பரை, மாற்ற உதவும் போல்ட்) போட்டு அலைன்மெண்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வது. சில மாதம் கழித்து, 165/80 ஆர்14 டயர்கள் தேய்ந்த பிறகு, அதே ரிம்மில் நான்கும் 185/70 ஆர்14 (முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில்). இடைவெளி விட்டுச் செய்ததால் எது எவ்வளவு உதவியது என்று தனித்தனியாகத் தெரிந்தது. அவசரக்காரர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன்: காசு அதிகம் போனது டயருக்கு, பலன் அதிகம் கிடைத்தது கேம்பரில்.

எனக்கு இன்வெர்ட்டர், பேட்டரி சர்வீஸ் வேலை. கோத்தகிரி, குன்னூர், ஊட்டி என்று சுற்றிக்கொண்டே இருப்பேன், சரக்கெடுக்க மேட்டுப்பாளையம் இறங்குவேன். டிக்கியில் பெரும்பாலும் இரண்டு டியூபுலர் பேட்டரி இருக்கும். 150 ஏஎச் பேட்டரி ஒன்றே ஐம்பது கிலோவுக்கு மேல். பின்னால் இவ்வளவு கனம் உட்கார்ந்தால் வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும், முன்டயரின் பிடி குறையும்.

அரவேனு தாண்டிக் குஞ்சப்பனைக்கு இறங்கும் வழியில் நீளமாக வளையும் இடங்களில்தான் தொல்லை. ஸ்டியரிங்கை ஒடித்த அளவுக்கு வண்டி திரும்பாது, வெளிப்பக்கமாகவே தள்ளிக்கொண்டு போகும். இடது வளைவில் எதிரே வருகிற பஸ்ஸின் பக்கம், வலது வளைவில் ஓரத்து மண் பக்கம். இதைத்தான் அண்டர்ஸ்டியர் என்கிறார்கள். முன்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் இது கூடவே பிறந்த குணம். திருப்புவதும் இழுப்பதும் அதே இரண்டு டயர்களின் வேலையாகிவிடுகிறது.

சமவெளியில் ஒரு பெரிய கடையில் இதைச் சொன்னபோது, திரையில் எல்லாம் பச்சையாக இருக்கிறது, வண்டியில் ஒன்றுமில்லை என்று பில்லை நீட்டினார்கள். பச்சை என்றால் கம்பெனி கொடுத்த எல்லைக்குள் இருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்த எல்லையே கொஞ்சம் அகலமானது. போதாததற்கு இந்த வண்டியில் முன்னால் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்நுனி உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, அதை மட்டும்தான் மாற்றி வைக்க முடியும், கேம்பருக்குக் கம்பெனி வழி ஏதும் வைக்கவில்லை. பின்பக்க ஆக்சிலில் அதுவும் கிடையாது.

குன்னூர் கடைக்காரர் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்பே கேட்டது: “டிக்கியில எப்பவும் என்னங்க இருக்கும்?” சொன்னேன். “அப்ப அதையும் ஏத்திட்டே வாங்க. காலி வண்டிக்குப் பார்த்து என்ன பண்றது?” இந்த ஒரு கேள்விக்காகவே கடைக்கு முழு மார்க் கொடுக்கலாம். அடுத்து முன்டயரைக் கையால் தடவிப் பார்த்தார். வெளிவிளிம்பு வழவழவென்று இருந்தது, உள்விளிம்பில் பள்ளங்கள் இன்னும் ஆழமாக இருந்தன. மலையில் ஓடும் வண்டிகளில் இது சகஜம். வளைவில் பாடி வெளிப்பக்கம் சாயும்போது வெளிச்சக்கரமும் கூடவே சாய்ந்து டயரின் வெளிவிளிம்பில் நிற்கிறது. சக்கரத்தின் தலையை முன்கூட்டியே கொஞ்சம் உள்பக்கம் சாய்த்து வைத்தால், அதாவது நெகடிவ் கேம்பர் கொடுத்தால், வளைவின்போது டயர் முழு அகலத்துக்கும் ரோட்டில் படியும். இதைத்தான் செய்தார்.

கேம்பர் போல்ட் சாதாரணப் பொருள்தான். ஷாக் அப்சார்பரின் அடிப்பகுதி, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு சேரும் இடத்தில் இரண்டு போல்ட் இருக்கும். மேல் போல்ட்டைக் கழற்றிவிட்டு, தண்டு கொஞ்சம் மெலிந்து ஒரு பக்கம் மட்டும் புடைத்த போல்ட்டைப் போடுகிறார்கள். தலையைத் திருப்பத் திருப்பப் புடைப்பு நகர்ந்து சக்கரம் சாய்கிறது. எனக்கு இடப்பக்கம் கிட்டத்தட்ட பூஜ்யமாகவும் வலப்பக்கம் லேசாக வெளியே சாய்ந்தும் இருந்தது. இரண்டையும் ஒரு டிகிரி உள்ளே கொண்டுவந்தார். டார்க் ரெஞ்சில் முறுக்கி முடித்து, போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை வெள்ளை பெயின்டில் ஒரு கோடு இழுத்துவிட்டார். போல்ட் நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். மறுபடி காட்டப் போனபோது கோடு அப்படியே இருந்தது.

கேம்பரை மாற்றினால் டோவும் மாறிவிடும் என்பதால் டோவைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். லேசாக டோ-அவுட் (முன்நுனிகள் வெளிப்பக்கம் திரும்பியிருப்பது) கொடுத்தால் திருப்பம் இன்னும் சுருக்காக வருமே என்று கேட்டேன். வரும், ஆனால் கோயம்புத்தூர் நேர்ரோட்டில் வண்டி அலைபாயும், உள்விளிம்பும் சீக்கிரம் தேயும் என்று சொல்லிப் பூஜ்யத்தை ஒட்டியே வைத்தார். எனக்கும் அது சரியாகப்பட்டது.

பலன் அடுத்த இறக்கத்திலேயே தெரிந்தது. அதே வளைவில், அதே வேகத்தில், முன்னைவிடக் குறைவாக ஒடித்தாலே திரும்புகிறது. பாதி வளைவில் இன்னும் கொஞ்சம் ஒடித்துச் சரிசெய்யும் பழக்கமே விட்டுப்போயிற்று. ஆனால் குன்னூர்–மேட்டுப்பாளையம் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே வேகம் குறைவு, ஆக்ஸிலேட்டரை மிதிப்பதால்தான் உள்சக்கரம் வழுக்குகிறது. அதற்கு மருந்து காலில் இருக்கிறது, போல்ட்டில் இல்லை.

இனி டயர். 165/80ஐவிட 185/70 விட்டத்தில் ஐந்து மில்லிமீட்டர்தான் குறைவு, அதனால் ஸ்பீடோமீட்டர் கிட்டத்தட்ட அப்படியேதான் காட்டுகிறது. காய்ந்த ரோட்டில் பிடி கூடியிருக்கிறது. பக்கச்சுவர் குட்டையானதால் ஸ்டியரிங்குக்கு உடனே பதில் வருகிறது. ஸ்டியரிங் கொஞ்சம் கனம், மைலேஜ் கொஞ்சம் குறைவு. ஜூலை மழையில்தான் உறுத்தியது: தேங்கிய தண்ணீரில் வேகமாக ஏறினால் பழைய ஒல்லி டயர் கிழித்துக்கொண்டு போகும், அகல டயர் சீக்கிரமே மிதக்கப் பார்க்கிறது. கட்டபெட்டுப் பக்கம் வளைவுகளில் தேங்கும் தண்ணீருக்கு இப்போது முன்பே வேகத்தைக் குறைத்துவிடுகிறேன்.

செலவை மிச்சம் பிடிக்க முன்னால் மட்டும் அகல டயர் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். முன்பிடி மட்டும் கூடினால் ஈர ரோட்டில் பின்பக்கம் முதலில் விட்டுவிடும். மூக்கு வெளியே போனால் காலை எடுத்துச் சமாளிக்கலாம், வால் சுழன்றால் மலைப்பாதையில் அதற்கு இடம் கிடையாது.

கடையின் குறைகள்: ஒரே ஒரு ரேம்ப், உட்கார இடமில்லை, ரிப்போர்ட் கேட்டால்தான் தருவார்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை இரண்டு தாளாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சுற்றுலா டாக்ஸிகள் வரிசை கட்டும், வார நாளில் காலையிலேயே போய்விடுவது நல்லது. டயருக்குக் காற்றை மட்டும் கீழே சமவெளியில் பிடித்துக்கொண்டு வராதீர்கள், மேலே வந்து வண்டி ஆறியபின் பாருங்கள்.

ஸ்டெப்னி இன்னும் பழைய 165தான். முன்டயர் பஞ்சரானால் அதை நேராக முன்னால் மாட்டக் கூடாது. பின்டயரை முன்னால் கொண்டுவந்து, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டி, பஞ்சர் கடை வரை மெதுவாகப் போக வேண்டும். நடுவில் பேட்டரி இரண்டையும் இறக்கி ஏற்றும் கூலி தனி.