எடின்பரோ கோஸ்ட் டூர் போகலாமா? போய்ட்டு வந்த கதை

போன அக்டோபர்ல ஸ்காட்லாந்து தலைநகர் எடின்பரோ போனப்போ நானும் வீட்டுக்காரரும் ராத்திரி கோஸ்ட் டூர் ஒண்ணு புக் பண்ணோம், அதாவது பேய்க்கதை சொல்லிக்கிட்டே ஊர சுத்திக் காட்டுறது. பழைய ஊரோட முக்கியத் தெருவான ராயல் மைல்ல நடந்தா பத்தடிக்கு ஒருத்தர் கருப்பு அங்கி போட்டுட்டு நோட்டீஸ் நீட்டுவாங்க, அதுல ஒண்ணு, பேர் வேணாம் விடுங்க. ரெண்டு மணி நேரம்னு போட்டிருந்துச்சு, ஒன்றரை மணிலயே முடிச்சு அனுப்பிட்டாங்க.

முதல்ல நல்லத சொல்லிடுறேன். சவுத் பிரிட்ஜ்ங்கிற பாலத்துக்கு அடில இருக்குற வால்ட்ஸ், அதாவது நிலவறைங்க. மேல நிக்கும்போது அது பாலம்னே தெரியாது, ரெண்டு பக்கமும் கடை, சாதா ரோடு மாதிரிதான் இருக்கும். 1788-ல கட்டி முடிச்சது, மொத்தம் 19 வளைவு, இப்ப கீழ போற கவ்கேட் தெரு மேல இருக்குற ஒண்ணே ஒண்ணுதான் வெளிய தெரியுது, மீதி எல்லாம் கட்டடங்களுக்குப் பின்னாடி மறைஞ்சு போச்சு. அந்த வளைவுக்குள்ள ரூம் ரூமா பிரிச்சு செருப்பு தைக்கிறவங்க, சாராய வியாபாரிங்கன்னு வாடகைக்கு எடுத்தாங்க, ஆனா அவசரமா கட்டுனதுல மேலருந்து தண்ணி இறங்காம இருக்க பூச வேண்டியத பூசாம விட்டுட்டாங்க போல, ஒழுக ஆரம்பிச்சு சரக்கெல்லாம் பாழாகி அவங்க காலி பண்ண, வேற போக்கிடம் இல்லாத ஏழைங்க குடும்பம் குடும்பமா உள்ள வந்துட்டாங்க. ஜன்னல் கிடையாது, சூரியனே கிடையாது. கைடு டார்ச்ச அணைச்சுட்டு பேசாம நின்னாரு, ஒரு பத்து செகண்ட் இருக்கும், எங்கயோ சொட்டு சொட்டுன்னு தண்ணி சத்தம் மட்டும். பிடிமானத்துக்கு சுவத்துல கை வச்சேன், சில்லுன்னு ஈரம், உள்ளங்கைல சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கிச்சு. குடுத்த காசுல பாதி அந்த பத்து செகண்டுக்கே சரியா போச்சு.

அதுக்கப்புறம்தான் அவர் அளந்து விட ஆரம்பிச்சாரு. பொணத்த விக்கிறதுக்காகவே ஆளுங்கள கொன்ன பர்க், ஹேர் ரெண்டு பேரும் பொணத்த இந்த ரூம்லதான் பதுக்குனாங்களாம்! அதுக்கு ஆதாரமே இல்லங்க. அவங்க இருந்தது இதே ஊர்ல வெஸ்ட் போர்ட் பக்கம், ஹேரோட லாட்ஜ்ல. வாடகை பாக்கியோட செத்துப்போன ஒருத்தர் உடம்ப, பொணத்த அறுத்து பாடம் நடத்துன டாக்டர் நாக்ஸ்கிட்ட ஏழரை பவுண்டுக்கு வித்ததுல ஆரம்பிச்சது, பரவாயில்லயே நல்ல வரும்படியா இருக்கேன்னு 1828-ல 16 பேர கொன்னுட்டாங்க. ஹேர் அப்ரூவரா மாறி தப்பிச்சான், பர்க்க 1829 ஜனவரில தூக்குல போட்டு அவன் உடம்பையும் அறுத்து படிச்சாங்க, எலும்புக்கூடு இன்னும் யுனிவர்சிட்டி அனாடமி மியூசியத்துல நிக்குது. இவ்ளோ இருக்கும்போது எதுக்குங்க பொய்?

கடைசி ஸ்டாப் கிரேஃப்ரையர்ஸ் கல்லறை. பொணத் திருடனுங்களுக்கு பயந்து சமாதி மேல இரும்புக் கூண்டு போட்டு வச்சிருக்காங்க, அத கிட்ட போய் பாருங்க, கம்பி ஒவ்வொண்ணும் அவ்ளோ கனம். அடுத்து மெக்கன்சி பேய். சமாதி கிட்ட போனவங்களுக்கு உடம்புல கீறல் விழுந்துச்சு, மயங்கி விழுந்தாங்கன்னு தொண்ணூறுகளோட கடைசிலருந்து கதை ஓடுது. ஆனா ஜார்ஜ் மெக்கன்சி யாருன்னு கைடு ரெண்டே வரில முடிச்சுட்டாரு. ராஜா மதத்துல தலையிடக் கூடாதுன்னு 1638-ல இதே சர்ச்லதான் உடன்படிக்கைல கையெழுத்து போட்டாங்க. 1679-ல அந்த கட்சி ஆளுங்க சண்டைல தோத்ததும் 1200 பேர் கிட்ட புடிச்சு இந்த கல்லறைய ஒட்டின மைதானத்துல வானமே கூரைன்னு மாசக்கணக்குல அடைச்சு வச்சாங்க. பணிஞ்சு எழுதிக் குடுத்தவங்கள விட்டாங்க. கடைசில மிச்சம் இருந்த 250 பேருக்கு மேல கப்பல்ல ஏத்தி நாடு கடத்த அனுப்புனா அது ஸ்காட்லாந்துக்கு வடக்க இருக்குற ஓர்க்னி தீவுங்க கிட்ட உடைஞ்சு பெரும்பாலானவங்க முழுகிட்டாங்க. அவங்க மேல வழக்கு நடத்துன அரசு வக்கீல்தான் மெக்கன்சி, அந்த மைதானத்துக்கு எட்டுற தூரத்துலயே அவரையும் பொதைச்சிருக்காங்க. இன்னைக்கு ஸ்காட்லாந்து தேசிய நூலகமா இருக்குறதுக்கு விதை போட்டதும் இதே ஆளுதான், அத யாரும் சொல்றதில்ல.

நாங்க கேட் கம்பி வழியா எட்டிப் பாத்துட்டு இருக்கும்போது முகமூடி போட்ட ஒருத்தன் பின்னாடிலருந்து கத்திக்கிட்டு குதிச்சான். என் பக்கத்துல நின்ன வயசான அம்மா கால் வழுக்கி விழப் பாத்தாங்க, எல்லாரும் சிரிச்சாங்க, அதோட டூர் முடிஞ்சுதாம். எனக்கு செம கடுப்பு.

அஞ்சுக்கு மூணு குடுப்பேன், அதுவும் வால்ட்ஸ்க்காக. சின்னப் பசங்கள கூட்டிட்டு போகாதீங்க, கருங்கல் தரை மழைல வழுக்கும், நல்ல ஷூ போடுங்க. கல்லறைக்கு பகல்ல தனியா போங்க, டிக்கெட்டே கிடையாது. மறுநாள் காலைல நாங்க திரும்ப போனோம், அந்தக் காலத்துல ஊர்ப் பசங்க மெக்கன்சி சமாதி கதவுகிட்ட போய் தைரியம் இருந்தா வெளிய வாடான்னு பாட்டு பாடிட்டு ஓடுவாங்களாம், அத படிச்சுட்டு என் வீட்டுக்காரரு கதவு வரைக்கும் போனாரு, பாடாம திரும்பி வந்துட்டாரு.