மெய்டு ஊருக்குப் போன 14 நாள், அம்மா நர்சிங் ஹோம்ல

அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து 4 வருஷமாச்சு, வலது பக்கம் சுத்தமா வராது. பாத்துக்கறது நானும் மெய்டும்தான். மெய்டு ஊருக்குப் போய்ட்டு வரணும்னா, எனக்கோ அவ்வளவு நாள் லீவு இல்ல. ஏஐசிக்கு (சிங்கப்பூர்ல முதியோர் பராமரிப்புக்கு வழி காட்டற அரசு அமைப்பு) போன் போட்டுக் கேட்டதுல, நர்சிங் ஹோம்ல, அதாவது முதியவங்கள தங்க வெச்சுப் பாத்துக்கற இடத்துல, ரெஸ்பைட்னு (வீட்ல பாத்துக்கறவங்களுக்கு ஓய்வு கிடைக்க) 7 நாள்லேர்ந்து வருஷத்துக்கு 30 நாள் வரைக்கும் விடலாம்னு சொன்னாங்க. வருமானத்தப் பாத்து மானியமும் உண்டு. ஆனா டாக்டர் ரிப்போர்ட், மருந்து லிஸ்ட்னு பேப்பர் வேலை இருக்கு, டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருங்க, நான் கடைசி நேரத்துல ஓடி நாக்கு தள்ளிருச்சு.

இடம் சுத்தமா இருந்துச்சு, மூத்திர வாடை இல்ல (நான் உள்ள போனதும் மூக்கதான் நம்புவேன்). ராத்திரியும் திருப்பிப் படுக்க வெச்சாங்க, புண்ணு ஒண்ணும் வரல. சாப்பாடுதான் சொல்லிக்கற மாதிரி இல்ல, "கஞ்சிக்கு ஒரு ஊறுகா கூட கிடையாதாடி"ன்னு அம்மா தினமும் புலம்பல். மூணாம் நாள் போனா அம்மாவோட பூப்போட்ட நைட்டி பக்கத்து கட்டில் பாட்டி மேல இருக்கு! எல்லாத் துணியிலயும் மார்க்கர்ல பேர் எழுதிருங்க.

பெரிய கஷ்டம் பாஷைதான். அம்மாவுக்கு தமிழ் விட்டா கொஞ்சம் பசார் மலாய் (சந்தைல பேசற கொச்சை மலாய்), அவ்ளோதான். தமிழ் பேசற நர்ஸ் ஒருத்தங்க நைட் ஷிஃப்ட்ல மட்டும், அதனால பகல்ல பாத்ரூம் வருதுன்னு சொல்லத் தெரியாம ரெண்டு தடவ படுக்கையிலயே போய்ட்டாங்க, கேட்டப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு. அப்பறம் தண்ணி, வலி, பாத்ரூம், போதும்னு பத்து வார்த்தைய இங்கிலீஷ் எழுத்துல எழுதி கட்டில் பக்கத்துல ஒட்டுனேன். முதல் நாளே இத செஞ்சிருக்கணும்.

பில்லுக்கு ஹோம் கேர்கிவிங் கிராண்ட் (வீட்ல வெச்சுப் பாத்துக்கறதுக்கு அரசாங்கம் மாசாமாசம் குடுக்கற உதவி) பணம் கை கொடுத்துச்சு. 2019ல மாசம் 200 வெள்ளியா (சிங்கப்பூர் டாலர்) ஆரம்பிச்சது, 2023ல 400 வரைக்கும் ஏத்துனாங்க. குளிக்க, சாப்பிட, நடக்கங்கற மாதிரி 3 விஷயத்துக்காவது எப்பவும் ஆள் வேணும், வருமான வரம்பும் பாப்பாங்க.

அத்தை போன்ல "பெத்தவள ஹோம்ல தள்ளிட்டியா"ன்னு கேட்டாங்க. முதல் ராத்திரி 9 மணி நேரம் அசந்து தூங்கிட்டேன், அத அவங்ககிட்ட சொல்லல.

கூட்டிட்டு வர்ற அன்னிக்கு மியன்மார் நர்ஸ் "பாட்டி, தன்னி?"ன்னு கேக்குது, அம்மா படுத்துக்கிட்டே "தன்னி இல்லம்மா, தண்ணி"ன்னு பாடம் எடுக்குறாங்க.