மார்கோ ராணி: 1954 படமா, 1994 படமா?

அலெக்சாந்தர் துய்மா 1845-இல் எழுதிய ‘லா ரேன் மார்கோ’ நாவலின் பிரெஞ்சுப் படங்களில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ழான் த்ரெவில் இயக்கத்தில் ழான் மொரோ நடித்த 1954 படம். மற்றொன்று, பத்ரிஸ் ஷெரோ இயக்கத்தில் இசபெல் அட்ஜானி நடித்த 1994 படம். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் 1994-ஐப் பாருங்கள். ஆனால் யார் யார் என்று தெரியாமல் உட்கார்ந்தால் முதல் அரை மணி நேரம் தலை சுற்றும்.

காரணம், கதையில் ஆன்றி என்ற பெயரில் மூன்று பேர். கத்தோலிக்க பிரெஞ்சு இளவரசி மார்கோவை மணக்கும் புராட்டஸ்டன்ட் மாப்பிள்ளையான நவார் மன்னன் ஓர் ஆன்றி. மார்கோவின் அண்ணன் அஞ்சூ கோமகன் இன்னொருவர். அவள் முன்பு காதலித்த கீஸ் கோமகன் மூன்றாமவர். அரியணையில் இருப்பவர் மூத்த அண்ணன் ஒன்பதாம் ஷார்ல். அவரை ஆட்டிவைப்பவர் தாய் கத்ரீன் தெ மெதிசி. 1572 ஆகஸ்ட் 18-இல் திருமணம், 22-இல் புராட்டஸ்டன்ட் தலைவர் கொலின்யி மீது துப்பாக்கிச் சூடு, 24 விடியுமுன் பாரிசில் புராட்டஸ்டன்டுகள் படுகொலை. இந்த ஏழு நாள் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும், ஷெரோவின் படம் பிடிபட்டுவிடும்.

ஷெரோ யாரையும் அறிமுகப்படுத்துவதில்லை. பிலிப் ரூஸ்லோவின் கேமரா கூட்டத்துக்குள்ளேயே நெருக்கியடித்து நிற்கிறது. உடை அமைத்த மொய்டெல பிக்கெல், அந்தக் காலத்துக் கஞ்சி போட்ட கழுத்துப் பட்டைகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டார். அவிழ்ந்த கூந்தல், திறந்த சட்டை, வியர்வை. இதனால் வரலாற்றுத் துல்லியம் குறைகிறது, உண்மைதான். ஆனால் விறைத்த உடை நடிகரைச் சிலையாக்கிவிடும். இங்கே உடல்கள் அஞ்சுவது கண்ணுக்குத் தெரிகிறது. கறுப்பு உடையில் வரும் புராட்டஸ்டன்டுகள் வண்ணமயமான அரசவையில் தனியாகத் தெரிவதால், படுகொலை தொடங்குமுன்பே யார் சாகப்போகிறார்கள் என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது.

1954 படம் வேறு ரகம். வாள்சண்டையும் காதலும் கலந்த அக்கால வண்ணப்படம். திரைக்கதையில் இயக்குநர் ஆபெல் கான்ஸின் கை இருக்கிறது. பின்னாளில் நகைச்சுவையில் கொடிகட்டிப் பறந்த லூயி த ஃபுனேஸ், இதில் கத்ரீனின் வாசனைத் திரவியக்காரன் ரெனேயாக வருகிறார். மொரோவுக்கு அப்போது 26 வயது. மார்கோவுக்குக் கல்யாணத்தின்போது 19 என்பதால் பொருத்தம் இவருக்கே அதிகம். அட்ஜானி அந்த வேடத்தை ஏற்றது நாற்பதை நெருங்கும் வயதில்.

கத்ரீன் வேடத்தில் 1954-இன் பிரான்சுவாஸ் ரோசே, 1994-இன் வீர்னா லீசி இருவரில் என் ஓட்டு தயங்காமல் லீசிக்கே. கான் விழாவில் சிறந்த நடிகை விருதும் அவருக்குத்தான் கிடைத்தது. பெற்ற பிள்ளைகளில் ஒருவனுக்காக மற்றவர்களைக் காவு கொடுக்கும் தாயை அவர் குரலை உயர்த்தாமலேயே காட்டுகிறார். நவாருக்கு வைத்த நச்சுப் புத்தகத்தை ஷார்லே புரட்டிப் படித்துவிடும் பகுதியில் ஷார்லாக வரும் ழான்-உக் ஆங்லாத் நடிப்பும் அபாரம். (வரலாற்றில் ஷார்லைக் கொன்றது காசநோய் என்பதே பொதுவான கருத்து. விஷம் துய்மா சேர்த்தது.)

காதல் கதையிலும் அப்படித்தான். மார்கோவின் காதலனாக வரும் லா மோல் உண்மையில் கத்தோலிக்கர், இளைய இளவரசர் அலென்சோனின் ஆள். 1574 ஏப்ரல் 30-இல் தலை வெட்டப்பட்டார். அவரைப் புராட்டஸ்டன்டாக்கியது நாவல். ஆனால் காயம்பட்ட ஒருவர் மார்கோவின் அறைக்குள் பாய்ந்து அவள் மேல் விழும் காட்சி கற்பனையல்ல. அப்படி ஒருவர் வந்ததை மார்கோவே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். துய்மா அந்த ஆளின் இடத்தில் லா மோலை வைத்தார், அவ்வளவுதான்.

ஷெரோ படத்தில் எனக்குள்ள பெரிய குறை, லா மோலின் நண்பன் கொக்கொனாவின் பங்கு சுருங்கிப்போனது. நாவலில் மற்றவர்கள் அருவருக்கும், மரண தண்டனையை நிறைவேற்றுபவனின் கையை அவன் கூசாமல் பற்றிக் குலுக்குகிறான். பின்னால் சித்திரவதைக் கூடத்தில் அதே மனிதன்தான் அவன் எலும்பு நொறுங்காமல் காக்கிறான். படத்தில் இந்த நட்புக்கு மூச்சுவிட இடமில்லை.

1994 படத்தை எடுக்கும்போது நீளத்தைக் கவனியுங்கள். பிரான்சில் வெளியானது சுமார் 160 நிமிடம். அமெரிக்காவுக்குப் போன பிரதி சுமார் 145. அதில் காதலை முன்னிறுத்த, சிவப்புப் போர்வைக்குள் மார்கோவும் லா மோலும் நிற்கும் காட்சியைச் சேர்த்தார்கள். அரசியல் சதிப் பகுதிகளைக் குறைத்தார்கள். ஏற்கெனவே விளக்கம் குறைந்த படம், அதிலும் வெட்டினால் யார் யாரை ஏன் கொல்கிறார்கள் என்பதே தெரியாது. பழைய ஐரோப்பிய டிவிடி 153 நிமிடம் காட்டினால் வெட்டுப்பட்டது என்று ஒதுக்கிவிட வேண்டாம். நொடிக்கு 24 சட்டகத்தை 25 ஆக ஓட்டுவதால் நூற்றுக்கு நாலு பங்கு நேரம் குறையும். காட்சிகள் முழுதாகவே இருக்கும்.