மாதிரி ரயில் பெட்டிகளுக்கு உள்விளக்கு: வெள்ளவத்தை உப்புக்காற்றில் சில ஆண்டுகள்

மாதிரி ரயில் பெட்டிகளுக்குள் விளக்குப் போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது எந்த எல்இடி நல்லது என்பதைத்தான். அதில் பெரிதாகத் தேர்வதற்கு ஒன்றுமில்லை. கொழும்பு வெள்ளவத்தையில், கடற்காற்று நேரே வந்து அடிக்கும் தொடர்மாடி அறையொன்றில் சில ஆண்டுகளாக இந்தப் பெட்டிகளை ஓட்டிவருகிறேன். இதுவரை ஓர் எல்இடியும் பழுதாகவில்லை. எனக்கு வேலை வைத்ததெல்லாம் சக்கரத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடும் ஒட்டுப்பசையும்தான்.

என் பெட்டிகள் 1:87 அளவிலான ஐரோப்பிய வகை. இலங்கைப் பெட்டிகள் இந்த அளவில் எனக்கு எந்தக் கடையிலும் அகப்படவில்லை. ஆகவே ஒரு தொடருக்குச் செங்கபில வண்ணம் அடித்து, யாழ்ப்பாணம் போகும் இரவுத் தபால் வண்டி என்று பெயர் சூட்டிக்கொண்டேன். நமது தண்டவாள இடைவெளி 1676 மில்லிமீற்றர். அதை 87ஆல் வகுத்தால் 19.3 வரும், என்னுடையதோ 16.5. கணக்குப் பார்ப்பவர்கள் முகம் சுளிக்கலாம். அறையை இருட்டாக்கி விளக்கை ஏற்றிவிட்டால் சக்கரத்தை யார் பார்க்கிறார்கள்?

வெளிநாட்டு ஆயத்த விளக்குத் தொகுதிகளையும் பயன்படுத்தினேன், புறக்கோட்டையில் வாங்கிய 12 வோல்ட் எல்இடிப் பட்டியையும் பயன்படுத்தினேன். ஒரு பெட்டிக்கான ஆயத்தத் தொகுதியின் விலைக்கு, தொடர் முழுவதற்கும் போதுமான பட்டி வந்துவிடுகிறது. மீற்றருக்கு 60 எல்இடி உள்ள பட்டியை 5 சென்ரிமீற்றருக்கு ஒரு தடவை வெட்டலாம். ஒவ்வொரு துண்டிலும் மூன்று எல்இடியும் மின்னோட்டத்தைக் குறைக்கும் ஒரு தடையியும் இருக்கும். இரவுத் தபாலுக்கு 2700 முதல் 3000 கெல்வின் வரையான மஞ்சள் வெளிச்சம் பொருந்துகிறது. வெள்ளை வெளிச்சம் புதிய குளிரூட்டிய பெட்டிகளுக்குச் சரி. பழைய பெட்டிக்குள் போட்டால் மருந்துக்கடை மாதிரி ஆகிவிடும்.

இதில் பலர் கவனிக்காத விடயம் ஒன்று உண்டு. 30 சென்ரிமீற்றர் நீளப் பெட்டிக்கு ஆறு துண்டுகள் வேண்டும். முழு வெளிச்சத்தில் துண்டுக்கு 20 மில்லியம்பியர் வீதம் 120 மில்லியம்பியர் போகும். நிஜப் பெட்டி எதுவும் அப்படிப் பளீரென்று எரிவதில்லை. ப்ரீசெட் எனப்படும் சிறிய திருகுத் தடையியைத் தொடராக இணைத்து, மொத்தத்தையும் 10 மில்லியம்பியருக்குக் கொண்டுவந்தேன். பார்வைக்கு அது தாராளம். அதைவிடப் பெரிய இலாபம், மினுக்கம் நின்றுபோனது. தண்டவாளத்தில் அழுக்கு இருக்கும் இடத்தில் மின்சாரம் கணநேரம் அறும். அந்த இடைவெளியைக் கொள்ளளவிதான், அதாவது மின்சாரத்தைச் சிறிது சேமித்து வைத்திருக்கும் கெப்பாசிட்டர்தான், தாண்ட வைக்க வேண்டும். 1000 மைக்ரோஃபரட் கொள்ளளவி 10 மில்லியம்பியர் சுமையை ஏறத்தாழ அரை வினாடி தாங்கும். 120 மில்லியம்பியர் என்றால் அதே கொள்ளளவி கண்மூடித் திறப்பதற்குள் காலியாகிவிடும். மினுக்கத்துக்குப் பயந்து பெரிய கொள்ளளவி தேடி அலைபவர்கள் முதலில் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்க்கட்டும்.

25 வோல்ட் கொள்ளளவியைக் கழிவறைப் பகுதிக்குள் நிறுத்தி வைத்தால் வெளியே தெரியாது. மின்னேறும் பாதையில் 100 ஓம் தடையி ஒன்று அவசியம். இல்லையென்றால் எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை உறிஞ்ச, டிசிசி கட்டுப்பாட்டுக் கருவி (தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரத்தையும் வைத்துக்கொண்டு, டிஜிட்டல் கட்டளையால் வண்டியை ஓட்டுவது) அதைக் குறுஞ்சுற்று என்று நினைத்து நின்றுவிடும். சாதாரண நேர்மின்னோட்டத்தில் ஓட்டுபவர்களுக்கு இந்த வேலையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் வண்டியை நிறுத்தத் தண்டவாள மின்சாரத்தையே நிறுத்த வேண்டும் என்பதால், வண்டி நிலையத்தில் நின்றதும் விளக்கும் அணைந்துவிடும்.

மின்னெடுக்கும் தகடுகளில் பாஸ்பர் வெண்கலத்தைத் தவிர வேறொன்றும் இந்தக் காற்றில் நிற்கவில்லை. ஓர் ஆயத்தத் தொகுதியுடன் வந்த தகடுகள் ஒரு தென்மேற்குப் பருவமழைக் காலம் முடிவதற்குள் பச்சை பூத்தன. தகடு சக்கரத்தின் பக்கத்தைத் தொடுவதைவிட அச்சைத் தொடுவது மேல், உராய்வு குறையும். ஒரு பெட்டிக்குப் பெரிதாகத் தெரியாத அந்த உராய்வு, ஆறு பெட்டிகள் சேர்ந்து ஏற்றத்தில் ஏறும்போது எஞ்சின் சக்கரத்தைச் சுழலவிட்டு வேடிக்கை பார்க்க வைக்கும். தண்டவாளத்தை ஐசோப்ரொபைல் அல்ககோலில் நனைத்த துணியால் துடைக்கிறேன். வெள்ளவத்தையில் அதை வாராவாரம் செய்ய வேண்டியிருக்கிறது. உள்நாட்டில், கடலுக்குத் தள்ளி இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

பட்டியின் பின்புறம் இருக்கும் ஒட்டுநாடாவை நம்பவே வேண்டாம். கொழும்பு வெக்கையில் அது இளகி, பட்டி பயணிகளின் தலையில் விழுகிறது. சிலிக்கோன் நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் வினாகிரி மணம் வீசும் வகை செம்பை அரித்துவிடும். மணமற்ற வகையை வாங்குங்கள். சூப்பர் குளூவைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோகக் கூடாது. அதன் ஆவி கண்ணாடியில் வெண்படலமாகப் படியும்.

விளக்கு வந்ததும் உட்புறத்தின் வறுமை வெட்டவெளிச்சமாகிவிடும் என்பதால், இருக்கை வேலையை முதலில் முடிப்பது நல்லது. தொழிற்சாலையிலிருந்து வரும் இருக்கைகள் ஒரே நிறப் பிளாஸ்டிக். பளபளப்பில்லாத அக்ரிலிக் வண்ணத்தில் இருக்கைக்கு ஒரு நிறமும் தரைக்கு ஒரு நிறமும் அடித்தாலே பாதி வேலை முடிந்தது. கூரையின் உட்புறத்துக்குக் கறுப்பு அடித்து, அதன்மேல் வெள்ளை அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் கூரையே ஒளிரும். கடதாசியில் அச்சிட்ட இருக்கை உறைகள் அழகாகத்தான் இருந்தன, ஆனால் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடித்ததால் கழற்றி எறிந்தேன்.

பயணிகள் தனிக்கதை. மலிவாக மொத்தமாகக் கிடைக்கும் உருவங்கள் மேலங்கியும் தொப்பியுமாக, பனிக்காலத்துக்கு ஆயத்தமாக வருகின்றன. இரவுத் தபாலில் மேலங்கி போட்டவர் யார்? கால்களை வெட்டி உட்கார வைத்து, வெள்ளைச் சட்டை, சேலை, சாரம் என்று நிறம் மாற்றினேன். ஜன்னல்கள் பாதி திறந்திருக்கும் மூன்றாம் வகுப்புக்காக ஒரு பெட்டியின் கண்ணாடிகளையே எடுத்துவிட்டேன். உள்ளே நன்றாகத் தெரிகிறது. தூசியும் நன்றாகவே போகிறது. மிதிபலகையில் தொங்கும் இளைஞர்களை ஒட்ட ஆசைப்படுபவர்கள் தண்டவாளத்துக்கு அருகிலுள்ள கம்பங்களையும் சமிக்ஞைகளையும் முதலில் அளந்துகொள்ளுங்கள்.

அடுத்த தொடருக்கு ஆயத்தத் தொகுதி வாங்கப் போவதில்லை. பட்டி, தண்டவாள மின்சாரத்தை ஒரே திசைக்கு மாற்றும் டையோடு பாலம், கொள்ளளவி எல்லாம் புறக்கோட்டையிலேயே கிடைக்கின்றன. வெண்கலத் தகடு மட்டும் இங்கே எளிதில் அகப்படுவதில்லை. இப்போதைக்குப் பழைய ரிலேக்களை (மின்காந்த ஆளிகளை) பிரித்து, அவற்றின் தொடுதகடுகளை வெட்டி எடுத்துக்கொள்கிறேன்.