இடுப்பு மூட்டு இழப்பீடு என்று சொல்லி 48,500 ரூபாயும் அசல் ஃபைலும் கொண்டுபோனார்கள்: குமரி மாவட்டத்தார் கவனத்திற்கு

இழப்பீடு பெற்றுத் தருவதாகச் சொன்னவர்களை ஏழு மாதங்களாக நான் அழைத்துக்கொண்டிருந்த எண் நேற்று மாலை முதல் உபயோகத்தில் இல்லை. ஆத்திரம் அடங்கிய பிறகு எழுதலாம் என்றால் எழுதாமலே விட்டுவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

என் தாயாருக்கு 2016இல் திருவனந்தபுரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் இடது இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. கடந்த ஆண்டு காலை ஊன்றவே முடியாமல் போய், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், செயற்கை மூட்டில் இடுப்பெலும்புக் குழிக்குள் பொருத்திய கிண்ணம் போன்ற பகுதி தளர்ந்திருப்பது தெரிந்தது. அந்தச் சமயத்தில்தான், பழுதான செயற்கை மூட்டுக்கு இழப்பீடு பெற்றுத் தருவதாக ஓர் இணையவழிச் சட்ட உதவிச் சேவையின் விளம்பரம் என் கைப்பேசியில் வந்தது.

குலசேகரத்துக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டுக்கே அவர்களுடைய ஆள் வந்தார். வந்தவர் பொய் எதுவும் பேசவில்லை என்பதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. ஜான்சன் அண்ட் ஜான்சனின் துணை நிறுவனமான டெப்யூ, உலோகத்தோடு உலோகம் உரசும் ஏ.எஸ்.ஆர். வகை இடுப்பு மூட்டை 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெற்றது, அதிலிருந்து கோபால்ட்டும் குரோமியமும் இரத்தத்தில் கலந்தது, 2018இல் மத்திய அரசு 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு கணக்கிடும் முறையை ஏற்றது என்று அவர் சொன்னவை அனைத்தும் உண்மை. என் தாயாரைக் கைத்தாங்கலாக எழுப்பி, வராந்தாவில் நான்கடி நடக்க வைத்து, அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு, "அம்மா, இனி இது எங்க பொறுப்பு" என்றார். கட்டன்சாயா குடித்துவிட்டு அவர் அம்மாவின் சிகிச்சை ஆவணங்கள் இருந்த அசல் ஃபைலைக் கேட்டபோது, "நல்ல பயலாட்டு இருக்கான் மக்களே, குடுத்து விடு" என்றார் அம்மா. பதிவுக் கட்டணம் 8,500, நிபுணர் கருத்துக்கு 40,000, ஆக 48,500 ரூபாய். மழைக்கு முன் விற்ற ரப்பர் ஷீட்டின் பணமும் அம்மா கட்டிவந்த சீட்டுப் பணமும் அதில் போயின.

பிறகு நடந்தது உங்களுக்கும் தெரிந்த கதைதான். ஃபைல் தில்லிக்குப் போயிருக்கிறது என்றார்கள். கமிட்டி இன்னும் கூடவில்லை என்றார்கள். அந்த அதிகாரி விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். ஐந்தாம் மாதம், இன்னும் 15,000 கட்டினால் விரைவில் முடியும் என்றார்கள். அதைக் கட்ட மறுத்த நாள் முதல் பேச்சின் தொனியே மாறியது.

சென்ற வாரம் நாகர்கோவிலில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். என் கைப்பேசியில் தப்பியிருந்த டிஸ்சார்ஜ் தாளின் படத்தை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, இது வேறு நிறுவனத்தின் மூட்டு, உள்ளே பிளாஸ்டிக் உறை போட்டது, ஏ.எஸ்.ஆர். இழப்பீட்டுக்கும் உங்கள் தாயாருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்றார். ஏ.எஸ்.ஆர். திரும்பப் பெறப்பட்டு ஆறு ஆண்டுகள் கழித்து நடந்த அறுவை சிகிச்சை என்பதை நானே யோசித்திருக்க வேண்டாமா?

48,500 ரூபாயைவிடப் பெரிய இழப்பு அந்த ஃபைல். பொருத்திய மூட்டின் நிறுவனம், அளவு, தொகுதி எண் எல்லாம் அச்சிட்ட சிறு ஸ்டிக்கர்கள் அதன் கடைசித் தாளில் ஒட்டப்பட்டிருந்தன. என்னிடமுள்ள படத்தில் அந்தத் தாள் இல்லை. 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்குமுறை விதிகளின்படி உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்பதால், மருத்துவமனையில் இன்னும் நகல் இருக்கும் என்ற உறுதி கிடையாது. கிண்ணம் தளர்ந்ததாலேயே பொருள் பழுது என்று ஆகிவிடாது, அதை மருத்துவ நிபுணரின் கருத்தோடு நிரூபிக்க வேண்டும், அதற்கு முதலில் அது என்ன பொருள் என்று தெரிய வேண்டும் என்கிறார் வக்கீல்.

விரிவாக வழிகாட்ட நினைத்தேன். இப்போது மனம் ஓடவில்லை. அசல் ஃபைலை யாரிடமும் கொடுக்காதீர்கள். ஸ்டிக்கர் உள்ள தாளை இன்றே படமெடுத்து வையுங்கள். வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் விளம்பரம் செய்வதும் இந்தியாவில் வக்கீல்களுக்குத் தடை செய்யப்பட்டவை. அப்படி வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழுதான பொருளுக்குத் தயாரிப்பாளரையும் விற்பவரையும் பொறுப்பாக்குகிறது; சிகிச்சை வெளியூரில் நடந்திருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம்; செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டுகள். அதில் ஏழு மாதங்களை இவர்கள் தின்றுவிட்டார்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும், இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மறு அறுவை சிகிச்சை செய்தால், கழற்றிய மூட்டு எங்களுக்கு வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், அதுதான் சாட்சி.

இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். நகல் கேட்டு மருத்துவமனைக்குப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன். ஃபைல் எப்போது திரும்பி வரும் என்று அம்மா இன்று காலையிலும் கேட்டார். தில்லியில் இருக்கிறது என்றேன்.