கிரில் கவர் வாங்கப் போகிறீர்களா? ‘காற்றுகூடப் புகாது’ என்பவரிடம் வாங்காதீர்கள்

வெளியில் நிற்கும், உணவை வாட்டும் கிரில் அடுப்புக்குக் கவர் விற்பவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் வசனம் ஒன்று உண்டு: “மூடிப் போட்டுட்டு மறந்துடுங்க.” புது கிரில் வாங்கும்போதே, கவர் இல்லாவிட்டால் வாரண்டி செல்லாது என்று பயமுறுத்திச் சேர்த்துத் தலையில் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதை நம்பி மழைக்காலம் முழுக்க மூடி வைத்தவர், வெயில் வந்து திறந்து பார்க்கும்போது வார்ப்பிரும்புத் தட்டு செங்கல் நிறத்தில் இருக்கும். மூடியின் உட்புறம் பூஞ்சணம் படர்ந்திருக்கும். இத்தனைக்கும் கவரில் ஒரு பொத்தல்கூட இருக்காது.

புகாரோடு போனால் நடப்பது இதுதான். கிரில் விற்றவர், துரு வாரண்டியில் வராது, ஈரத்தோடு மூடியது உங்கள் தப்பு என்பார். கவர் விற்றவர், கவர் கிழியவில்லையே, அப்புறம் என்ன என்பார். கிரிலின் வாரண்டித் தாளில் ‘துரு, நிறமாற்றம், பராமரிப்புக் குறைவு நீங்கலாக’ என்று இருக்கும். கவரின் தாளில் ‘உள்ளே இருக்கும் பொருளுக்குப் பொறுப்பல்ல’ என்று இருக்கும். இரண்டு தாளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் விழுவது உங்கள் பணம். ஆகவே கவர் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

மேலிருந்து விழும் மழை, வெயில், தூசி, பறவை எச்சம் ஆகியவற்றைக் கவர் தடுக்கும். கீழிருந்து வரும் ஈரத்தைத் தடுக்காது, பிடித்து வைத்துக்கொள்ளும். தரையைத் தொடும் கவருக்குள் பகல் வெயிலில் தரையின் ஈரம் ஆவியாகி ஏறும். இரவில் கிரிலின் உலோகமும் கவரின் மேல்பகுதியும் சட்டென்று குளிரும்போது, அந்த ஆவி அவற்றின் மேல் முத்து முத்தாக நீராகப் படியும். மறுநாளும் இதே கதை. மழையே பெய்யாத வாரத்திலும் உள்ளே தினம் ஒரு தூறல் விழுவதற்குச் சமம் இது. தட்டில் மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கில் உப்பு இருக்கிறது. உப்பும் ஈரமும் சேர்ந்தால் துருவுக்கு வேறு எதுவும் வேண்டாம். பிசுக்கு பூஞ்சணத்துக்கும் தீனி. எனவே ‘காற்றுகூடப் புகாது’ என்று பெருமையாகச் சொல்லப்படும் கவர்தான் இருப்பதிலேயே மோசமானது.

காற்றோட்டத் துளைகள் இருக்கின்றனவா என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். கேட்காதீர்கள், துளையை மூடியிருக்கும் மடிப்பைத் தூக்கிப் பாருங்கள். அடியில் வலைத்துணி தைத்திருக்க வேண்டும். விரலை வைத்தால் மறுபக்கம் தெரிய வேண்டும். மடிப்புக்குக் கீழே அதே கெட்டித்துணி ஓடினால் அது வெறும் அலங்காரம். எதிரெதிர்ப் பக்கங்களில், மேல்விளிம்பை ஒட்டி, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி குறைந்தது இரண்டு துளைகள் வேண்டும்.

அடுத்தது எண் விளையாட்டு. ‘600 டெனியர் ஆக்ஸ்ஃபோர்டு, முழு வாட்டர்ப்ரூஃப்’ என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும். டெனியர் என்பது நூலின் தடிமன்: 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்ற கணக்கு. அந்த நூலை எவ்வளவு நெருக்கமாக நெய்தார்கள் என்பதை அது சொல்லாது. தண்ணீர் புகுமா என்பதையும் சொல்லாது. ஆக்ஸ்ஃபோர்டு என்பது நெசவு முறையின் பெயர், தரத்தின் பெயர் இல்லை. தண்ணீரைத் தடுப்பது துணியின் உட்பக்கப் பூச்சுதான். பி.வி.சி. பூச்சு தடிப்பாக, வழவழப்பாக இருக்கும். சில ஆண்டுகளில் அதை வளைய வைக்கும் இளக்கி என்ற பொருள் வெளியேறி விறைத்துப்போகும், கடுங்குளிரில் மடித்தால் வெடிக்கும். பாலியூரித்தேன் பூச்சு மெல்லியது, மடிக்க எளிது. ஈரப்பதம் அதிகமான இடத்தில் நாளடைவில் பிசுபிசுத்து, வெள்ளைப் பொருக்காக உதிரும். எதுவும் வாழ்நாளுக்கு வராது.

துணி உண்மையிலேயே கனமானதா என்று கண்டுபிடிக்கச் சமையலறைத் தராசு போதும். கவர் 150 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 110 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்பரப்பு 0.9 சதுர மீட்டர், நான்கு பக்கமும் சேர்ந்து 4.62, ஆக மொத்தம் ஏறக்குறைய 5.5 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 300 கிராம் என்று விற்றிருந்தால் தையல் மடிப்பு, வார், கொக்கி எல்லாம் சேர்க்காமலேயே 1.65 கிலோ இருக்க வேண்டும். தராசு 900 கிராம் காட்டினால், உங்களுக்கு வந்திருப்பது சொன்னதில் பாதி. இந்த ஒரு எடையைத் தராசோடு சேர்த்துப் படம் எடுத்து வைத்தால், பிறகு வாய்ச்சண்டைக்கே வேலை இல்லை.

துணி நல்லதாக இருந்தாலும் ஒழுகுவது தையலில். ஊசி போன ஒவ்வொரு இடமும் ஒரு துளை. உட்பக்கம் தையலின் மேல் பட்டையாக நாடா ஒட்டியிருந்தால் நல்லது. மேல்பரப்பின் நடுவே தையல் ஓடாமல் ஒரே துண்டாக இருந்தால் இன்னும் நல்லது. சோதிப்பது எளிது. இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கவரைத் தொட்டில் போலத் தொங்கவிட்டு, தையல் பள்ளத்தில் விழும்படி இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி, கீழே பழைய செய்தித்தாள் விரித்து அரை மணி நேரம் விடுங்கள். துணி கசிந்தால் தாள் பரவலாக நனையும். தையல் கசிந்தால் கோடு போட்டதுபோல நனையும். திருப்பி அனுப்பக் கெடு இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். செய்வதற்கு முன், நனைந்த கவரைத் திரும்ப எடுப்பார்களா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவிலும் ஏமாற்று உண்டு. ‘நான்கு பர்னர் கவர்’ என்று ஓர் அளவே கிடையாது. பக்கப் பலகையைப் பொறுத்து அகலம் நிறைய மாறும். பக்கப் பலகைகளோடு நீளம், முன்கைப்பிடியோடு ஆழம், தரையிலிருந்து மூடி உச்சி வரை உயரம் என்று நீங்களே நாடா வைத்து அளந்து, நீளத்திலும் ஆழத்திலும் 3 முதல் 5 செ.மீ. மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். உயரத்தில் கூட்டக் கூடாது, 10 முதல் 15 செ.மீ. குறைக்க வேண்டும். அந்த இடைவெளி வழியாகத்தான் காற்று ஏறும். பெரிய கவர் காற்றில் படபடத்து பெயிண்டை உரசித் தேய்க்கும். பலகை மேல் பள்ளம் விழுந்து நீர் தேங்கும். பலகை மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு மூடினால் அந்தத் தேக்கம் இருக்காது.

“எங்க கிரில் ஸ்டெயின்லெஸ், துருவே பிடிக்காது” என்பதையும் அப்படியே விழுங்காதீர்கள். 430 வகை எஃகில் நிக்கல் இல்லை, காந்தம் பளிச்சென்று ஒட்டும், வெளியில் நின்றால் சீக்கிரம் பழுப்பேறும். 304 வகையில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். காந்தம் ஒட்டாது, வளைவுகளில் மட்டும் லேசாக இழுக்கலாம். ஆனால் காந்தம் ஒட்டவில்லை என்பதாலேயே 304 ஆகிவிடாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய 201 வகையிலும் ஒட்டாது, அதுவோ துருவை அவ்வளவாகத் தாங்காது. வகை எண்ணை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில்.

கடலோரத்தில் கவர் விஷயம் தலைகீழ். காற்றோடு வந்து படியும் உப்பை மழையாவது கழுவிவிடும். மூடி வைத்த கிரிலில் அது அப்படியே தங்கி, 304 எஃகிலும் தேநீர்க் கறை போன்ற புள்ளிகளை உண்டாக்கும். அங்கே கவர் போடுவதென்றால் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் வெளிப்புறத்தைக் கழுவி, துடைத்து, உலர்ந்த பிறகே போட வேண்டும். அதற்கு நேரமில்லை என்பவர் போடாமல் இருப்பதே மேல்.

‘ஹீட் ப்ரூஃப்’ என்ற சொல்லுக்கு வருவோம். பி.வி.சி. 80 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளக ஆரம்பிக்கும். துணியிலுள்ள பாலியஸ்டர் 250 – 260 டிகிரியில் உருகும். கிரிலின் மூடி தொடச் சுடுகிறதென்றால் கவர் போடாதீர்கள்; உருகி ஒட்டினால் அந்தக் கறை மூடியோடுதான் போகும். எரிவாயு கிரில் என்றால் ஒரு மணி நேரமாவது ஆறட்டும், பிறகு புறங்கையை வைத்துப் பாருங்கள். கரி என்றால் மறுநாளுக்கு முன் கூடாது, அப்போதும் சாம்பல் முழுக்க ஆறியிருந்தால்தான். சாம்பலுக்கு அடியில் கனல் ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும், அதன்மேல் துணியைப் போர்த்துவது தீ வைப்பதுதான்.

நல்ல கவரே கிடைத்தாலும் மூடுவதற்கு முன் செய்ய வேண்டியதை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. சமைத்து முடித்ததும் மூடியைச் சாத்தி, முழுத் தீயில் 10 – 15 நிமிடம் விடுங்கள். பிசுக்கு பொசுங்கிச் சாம்பலாகும். சூட்டோடு பிரஷ்ஷால் தேயுங்கள். வார்ப்பிரும்புத் தட்டில் எண்ணெயைத் தடவி, துணியால் அதை முழுக்கத் துடைத்தெடுப்பதுபோலத் துடையுங்கள். மிஞ்சி நிற்கும் மெல்லிய படலமே போதும், அதற்கு மேல் இருந்தால் பிசினாகிவிடும். எண்ணெய்த் தட்டைக் காலி செய்யுங்கள், எலிக்கு அது விருந்து. கரி கிரிலில் சாம்பல் முழுக்க ஆறியதும் மூடியுள்ள இரும்பு வாளியில் கொட்டிவிடுங்கள். சாம்பலின் கார உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துச் சேறாகி, அடித்தகட்டை அரிக்கும். மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் என்ற சிறு துண்டுகளை எரிக்கும் பெல்லட் கிரிலில், தொட்டியையும் பெல்லட்டைத் தீக்குத் தள்ளும் திருகுத் தண்டையும் காலி செய்யாவிட்டால் பெல்லட் ஈரத்தில் ஊதி, மரத்தூளாகி, இறுகி, தண்டு சுற்றாமல் நின்றுவிடும்.

எரிவாயு கிரிலில் சிலிண்டர் வால்வை மூடாமல் கவர் போடவே போடாதீர்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது; கசிந்தால் கீழேதான் தேங்கும், தரையைத் தொடும் கவர் அதைக் கலையவிடாது. திரும்ப எடுக்கும்போது முதலில் கவர், அடுத்து மூடி, அதன் பிறகே வால்வு. நாள் கழித்து எடுத்தால் சோப்பு நீரை இணைப்புகளில் தடவி, குமிழ் வருகிறதா என்று பாருங்கள். குழாயில் எலிப்பல் தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பர்னர் குழாயின் வாயில் சிலந்தி கூடு கட்டியிருந்தால் தீ மஞ்சளாகச் சோம்பி எரியும். மோசமானால் தீ பின்வாங்கி, தீயைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள் உள்ள பலகைப் பக்கமே எரியும். புட்டி கழுவும் மெல்லிய பிரஷ்ஷே இதற்குப் போதும். போட்ட கவரை மழை விட்ட அன்று எடுத்து, உட்புறம் வெளியே தெரியும்படி உலர்த்திவிட்டு, கிரிலின் மூடியையும் திறந்து காற்றாட விடுங்கள்.

கூரையும் திறந்த பக்கங்களும் உள்ள இடத்தில் கிரில் நிற்கிறதென்றால் கவரே தேவையில்லை. மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் தட்டுகளைக் கழற்றி வீட்டுக்குள் வைப்பது எந்தக் கவரையும்விட நல்லது.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விளம்பரத்தின் படம், ரசீது, தராசில் எடை, நனைந்த செய்தித்தாள், துரு தெரியும் படம் ஆகியவற்றைத் தேதியோடு சேருங்கள். புகாரில் “கிரில் துருப்பிடித்துவிட்டது” என்று எழுதினால் பராமரிப்புக் குறைவு என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். “300 கிராம் துணி என்று விற்றீர்கள், வந்திருப்பது 160 கிராம், காற்றோட்டத் துளை என்றீர்கள், மடிப்புக்குக் கீழே துளையே இல்லை” என்று எழுதுங்கள். ‘வாழ்நாள் வாரண்டி’ போட்டிருந்தால் அது யாருடைய வாழ்நாள், அனுப்பும் செலவு யாருடையது, ஆண்டுக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்று மூன்று கேள்வியையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.