பழமைவாத கத்தோலிக்கப் பார்வையில ஐரோப்பிய வரலாறு: ஆடியோ கோர்ஸ் கேட்டு முடிச்சேன்

மேற்குலகம் ஏன் சரிஞ்சுதுன்னு பழமைவாத கத்தோலிக்கர்கள் சொல்ற வாதத்தை முழுசா கேக்கணும்னு வாங்கின கோர்ஸ் இது, காசு வீண் போகல. இங்கிலாந்து ராஜா 8-ம் ஹென்றி துறவு மடங்களைப் பிடுங்கினதுல ஆரம்பிச்சு 1789 பிரெஞ்சுப் புரட்சிக்கு வர்றாங்க, அங்கதான் சூடு பிடிக்குது. 1790-ல குருக்களையே அரசாங்க ஊழியர் மாதிரி ஆக்கி சத்தியப்பிரமாணம் எடுக்கச் சொன்னது, 1793-ல மேற்கு பிரான்ஸ்ல இருக்கிற வாந்தே பகுதி விவசாயிங்க இயேசுவோட திருஇருதயச் சின்னத்தைத் துணியில தச்சு நெஞ்சுல குத்திக்கிட்டு புரட்சி அரசாங்கத்தை எதிர்த்து சண்டைக்குப் போனது, அந்த இடத்துல நிறுத்திட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேன்.

இவங்க மெயின் பாயிண்ட் என்னன்னா, ராஜா காலத்துல கூட திருச்சபை, தொழில் சங்கம், ஊர்னு நடுவுல பல அதிகாரம் இருந்துச்சு, புரட்சி அதையெல்லாம் உடைச்சு தனி மனுஷனை அரசாங்கத்துக்கு முன்னாடி ஒத்தையா நிறுத்திடுச்சுங்கிறாங்க. 1791-ல தொழிலாளர் சங்கம் வைக்கவே தடை போட்டதை இதுக்கு ஆதாரமா காட்டுறது செம. 1931-ல போப் 11-ம் பயஸ், சின்ன அமைப்பு செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறிக்கக்கூடாதுன்னு எழுதினதையும் அழகா இதோட கோர்த்திருக்காங்க.

ஆனா இடைக்காலத்தை ரொம்பவே தங்கமாக்கிட்டாங்க, யூதர்கள் பட்ட பாடு பத்தி ரெண்டு நிமிஷம் கூட இல்ல, அது எனக்கு நிஜமாவே வலிச்சுது. ஆடியோவும் சில பாடத்துல கரகரன்னு இருக்கு. அஞ்சுக்கு நாலு ஸ்டார், புரட்சி பத்தின பாடங்களை மட்டும் திரும்ப கேக்கப் போறேன்.